ஊடை வழி தப்பிய வருடம்: அன்னி ஆல்பர்ஸின் 1965

டிசம்பர் வந்துவிட்டால் துணிக்கலைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்த வருடம் எத்தனை துண்டு முடிந்தது, எத்தனை பாதியில் கிடக்கிறது, எந்தச் சாயம் பிடித்தது, எந்த ஆர்டர் கைநழுவியது என்று கணக்குப் போடுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கில் துண்டுகள்தான் வருகின்றன. ஒரு வேலை அடுத்த வேலைக்கு எப்படி வழிவிட்டது என்பது வருவதில்லை. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரே ஆளின் ஒரே வருடத்தை எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நூல் பிடித்துப் போக வேண்டியிருக்கும்.

நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நெசவுக்கலைஞர் அன்னி ஆல்பர்ஸின் 1965. அந்த வருடத்தை அவரே பெரிதாகக் கொண்டாடினார் என்பதற்காக அல்ல. அந்த ஒரு வருடத்தில் அவருடைய எல்லா இழைகளும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. நெசவைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் அப்போதுதான் வெளிவருகிறது. வாழ்நாளின் மிகக் கனமான வேலைக்கு அழைப்பு வருகிறது. நாற்பது வருடங்களுக்கு முன் நெய்து தொலைந்துபோன ஒரு துணி இன்னொருவர் கையால் திரும்ப உயிர் பெறுகிறது. முந்தைய இரண்டு வருடங்களில் அச்சுப்படம் எடுக்கும் லித்தோகிராஃப் கல்லில் கோடு போட்ட பழக்கமும் கையில் ஈரம் காயாமல் இருக்கிறது. வயது 66. இன்னும் ஐந்தே வருடத்தில் தறியை மொத்தமாக விட்டுவிடப் போகிறார்.

ஏன் விட்டார் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. உடம்பு முடியவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தறியிலேயே அவர் பல வருடமாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தறி அதைக் கொஞ்சம் கொடுத்தது, முழுக்கக் கொடுக்கவில்லை. எனக்குப் படுவது இதுதான்.

அதுவரை நடந்தது

அன்னி 1899 ஜூன் 12 அன்று பெர்லினில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழி உல்ஸ்டைன் பதிப்பகக் குடும்பம். 1922-இல் வைமாரில் இருந்த பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆண் பெண் சமம் என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். நடைமுறையில் பெண்களை நெசவுப் பட்டறைப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அன்னிக்கு அதில் விருப்பமே இல்லை. கண்ணாடி வேலை செய்யத்தான் ஆசை. பிறவியிலிருந்தே கால்களில் பலவீனம் வேறு. கனமான உடல் உழைப்பு தேவைப்படும் பட்டறைகள் ஒத்துவரா. சரி, வேறு வழியில்லை என்று உட்கார்ந்த தறிதான். 1925-இல் அதே பள்ளியைச் சேர்ந்த யோசப் ஆல்பர்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர் என்று அவருடைய 1926-ஆம் வருடத்துச் சுவர்த்துணிகளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பில் செங்குத்தும் கிடையுமாகப் பட்டைகள். படம் கிடையாது, பூ கிடையாது. நீளவாட்டில் கட்டிய பாவும் குறுக்கே போகும் ஊடையும் செங்கோணத்தில் சந்திக்கும் தறியின் இயல்பையே வடிவமாக எடுத்துக்கொண்டார். கட்டம் போடு என்று தறி சொல்கிறது, அவரும் கட்டம் போடுகிறார்.

1930-இல் பட்டயத்துக்காகச் செய்த துணி இதிலிருந்து வேறு வகை. பெர்லினுக்கு அருகே பெர்னாவில் ஹன்னஸ் மேயர் வடிவமைத்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்தில் எதிரொலி பெரிய தொல்லை. அன்னி ஒரு சுவர்த்துணி நெய்தார். பின்பக்கம் பஞ்சு மாதிரியான ஷெனில் நூல், அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். முன்பக்கம் செலோஃபேன், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒரே துணி, இரண்டு முகம், இரண்டு வேலை. கேமரா, லென்ஸ் செய்த சைஸ் ஐகான் நிறுவனம் அந்தத் துணியின் ஒளித்திறனை அளந்து அறிக்கை கொடுத்தது. துணியைக் கலை என்றோ அலங்காரம் என்றோ பேசாமல் பொருளாக, கருவியாகப் பேசும் பழக்கம் அவருக்கு இங்கேதான் வேரூன்றியது.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சனின் முயற்சியால் ஆல்பர்ஸ் தம்பதிக்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் புதிதாகத் தொடங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த நவம்பரில் நியூயார்க் போய் இறங்கினார்கள். அன்னியின் பெற்றோர் 1939-இல்தான் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தார்கள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், 1965-க்கு வரும்போது தேவைப்படும்.

1949-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே ஒரு நெசவாளருக்குத் தனியாகக் கண்காட்சி வைத்தது அதுவே முதல் முறை. 1950-இல் யோசப் யேல் பல்கலைக்கழகத்துக்கு வர, இருவரும் நியூ ஹேவனில் குடியேறினார்கள். அப்புறம் வந்த பதினைந்து வருடங்களில் வீட்டுத் தறியில் கம்பெனிகளுக்கான கஜத்துணி ஒரு பக்கம், தனக்காக நெய்த சிறிய சட்டமிட்ட துண்டுகள் இன்னொரு பக்கம் என்று வேலை ஓடியது. இரண்டாவது வகையை அவர் ஓவிய நெசவு என்று தனியாகப் பிரித்தே வைத்திருந்தார்.

புத்தகம்

'ஆன் வீவிங்' 1965-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துக்காகக் கைநெசவு பற்றி எழுதிக் கொடுத்த கட்டுரையே அதன் முதல் அத்தியாயம். எப்படி நெய்வது என்று கற்றுத்தரும் கையேடு என நினைத்துத் திறந்தால் ஏமாற்றம்தான். இழை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதே அதன் பேச்சு.

புத்தகத்தைப் பெருவின் பழங்கால நெசவாளர்களுக்குத் தன் பேராசான்கள் என்று சொல்லி அர்ப்பணித்திருக்கிறார். சும்மா மரியாதைக்காக அல்ல. 1935 முதல் மெக்சிகோவுக்குப் பல தடவை போய் வந்தவர், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய அமெரிக்கத் துணித்துண்டுகளைச் சேகரித்து இழை இழையாகப் பிரித்துப் படித்தவர். எழுத்து முறை இல்லாத ஒரு சமூகத்தில் துணியே பதிவேடாக இருந்தது என்பது அவரை விடாமல் பிடித்துக்கொண்ட எண்ணம். 1936-இலேயே ஒரு துண்டுக்கு 'பழைய எழுத்து' என்று பெயர் வைத்தார். 1958-இல் ஒன்று 'திறந்த கடிதம்', 1961-இல் 'ஹைக்கூ', 1962-இல் 'கோட்', அதாவது சங்கேதக் குறியீடு. இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே என்ன தேடினார் என்பது தெரிந்துவிடும். துணியை வாசிக்கவைக்கப் பார்த்தார், எழுத்தே இல்லாமல்.

கற்பித்தலிலும் இதே குணம்தான். பிளாக் மவுண்டனில் மாணவர்களை உடனே தறியில் உட்காரவிட மாட்டார். ஒன்றுமே இல்லாத ஒரு பாலைவனக் கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கச் சொல்வார். சோளமணி, காகிதத்தில் குத்திய ஓட்டைகள், தட்டச்சு இயந்திரத்தில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்து வரும் பரப்பு என்று எதிலும் நெசவுத்தன்மையைப் பார்க்கப் பழக்குவார். இந்தத் தட்டச்சுப் பயிற்சிகள் புத்தகத்திலும் இருக்கின்றன. ஒன்றில் வெறும் குறியீடுகளை அடித்தே முரட்டுத்துணியின் மேல்பரப்பைக் கொண்டுவந்திருப்பார்கள். தறி இல்லை, நூல் இல்லை, ஆனால் விரல் வைத்துத் தடவத் தோன்றும்.

என் பார்வையில் இந்தப் புத்தகம் அவர் தறிக்குச் செய்த கணக்கு முடிப்பு. தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்தாயிற்று. இனி மீதியிருப்பது எழுத்தில் வராத ஒன்று.

ஆறு பட்டைகள்

அதே 1965-இல் நியூயார்க் யூத அருங்காட்சியகம் அவரிடம் ஒரு நினைவுச்சின்னம் கேட்டது, நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களுக்காக. யூத ஆலயங்களுக்கு நெய்து கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. 1957-இல் டல்லாஸின் இமானு-எல் ஆலயத்துக்கும், அறுபதுகளின் தொடக்கத்தில் ரோட் தீவின் வூன்சாக்கெட் ஆலயத்துக்கும் யூத வேதச் சுருள்களை வைக்கும் பேழைக்கான துணி செய்திருந்தார். டல்லாஸ் துணி நீலம், பச்சை, பொன் என்று மின்னும். இந்தத் தடவை மின்னினால் ஆகாது. பிறப்பால் யூதர், ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர், பெற்றோர் கடைசி நேரத்தில் தப்பியதால் பிழைத்தவர்கள். வந்த ஆர்டரை இன்னொரு ஆர்டராக எடுத்துக்கொள்ள முடியாத இடம்.

அவர் செய்தது 'ஆறு பிரார்த்தனைகள்'. 1966-67 என்று தேதியிடப்பட்ட ஆறு செங்குத்துத் துணிப்பட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 186 செ.மீ. உயரம், அரை மீட்டர் அகலம். அதாவது ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், நின்றால் தோள் அகலம். பருத்தி, லினன், நார், வெள்ளி மினுக்கு நூல். நிறம் என்றால் கறுப்பு, வெள்ளை, பழுப்பு, வெள்ளி, அவ்வளவுதான். ஆறும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்று கொஞ்சம் வெளிறியும் இன்னொன்று கொஞ்சம் இருண்டும் இருக்கும். அறுபது லட்சத்துக்கு ஆறு. அந்தக் கணக்கைத் தவிர முகமோ நட்சத்திரமோ மெழுகுவர்த்தியோ எதுவும் இல்லை.

கிட்டப் போய்ப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. அடியில் ஒழுங்கான நெசவு. பாவு நேராக நிற்கிறது, ஊடை நேராகக் குறுக்கே போகிறது. அதற்கு மேலே கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய இழைகள் வளைந்தும், கொஞ்சம் ஏறியும், நின்றும், திரும்பியும் அலைகின்றன. ஒரு வரி எழுத்து போலத் தோன்றும், வாசிக்கப் போனால் நழுவிவிடும். எந்த இடத்திலும் இரண்டு வரி ஒன்றுபோல இருக்காது.

நெசவுத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதன் வேலைமுறை உடனே புரியும். நம்மூரில் சேலையில் புட்டா என்ற தனித்தனிப் பூக்களை நெய்வது இப்படித்தான். ஊடையைச் சுமந்து ஓடும் நாடா அடித்துணியை நெய்துகொண்டே போகும். புட்டா வரவேண்டிய இடத்தில் மட்டும் தனி இழையைக் கையால் பாவுக்குள் நுழைத்து எடுப்பார்கள். துணி கிழியாமல் தாங்குவது அடி நெசவு. கண்ணுக்குத் தெரிவது மேலிழை. பட்டுச்சேலைப் புட்டாவில் ஒவ்வொரு பூவும் முந்தைய பூவின் நகல். ஒரு இழை பிசகினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். அன்னி அதே உத்தியை எடுத்து, நகல் என்பதையே விலக்கிவிட்டார். ஒவ்வொரு வரிசையிலும் கை புதிதாக முடிவெடுக்கிறது. ஆறு பட்டை முழுக்க அப்படி. இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். டிசைனைத் துளைகளாக்கி ஒன்றையே திரும்பத் திரும்ப நெய்யவைக்கும் ஜக்கார்டு அட்டைக்கு இங்கே வேலையே கிடையாது.

தறியின் சட்டமும் கூடவே தெரிகிறது. பாவை இழுத்துக் கட்டியாயிற்று. ஊடை அதைச் செங்கோணத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அச்சு, அதாவது ஊடையை நெருக்கி அடிக்கும் தறிச்சீப்பு, வந்து அடித்த வரிசைக்குத் திரும்பிப் போக முடியாது. தறியில் சாய்வுக்கோடு என்று நாம் பார்ப்பது உண்மையில் படிப்படியாக ஏறும் கட்டங்கள்தான். வளைவும் அப்படியே. அதனால் மேலிழை எவ்வளவு அலைந்தாலும் ஒரு எல்லைக்குள்தான். துணி வளர்கிற திசையில் அதுவும் சேர்ந்து போயே ஆக வேண்டும். பின்னால் திரும்பி வந்து தன்னையே தாண்டி ஒரு முடிச்சுப் போட அதற்கு அனுமதி இல்லை.

நினைவுச்சின்னத்துக்கு இந்தக் கட்டுப்பாடே பலமாக அமைந்தது என்பது என் கருத்து. இழை தப்பிக்கப் பார்க்கிறது, துணி விடவில்லை. அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

கல்லில் போன இழை

இனி இரண்டு வருடம் பின்னால் போவோம். 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் டாமரிண்ட் லித்தோகிராஃப் பட்டறை யோசப்பை அழைத்தது. அன்னி உடன் போனார், கணவரோடு வந்த மனைவியாக. பட்டறையை நடத்திய ஜூன் வெய்ன் நீங்களும் செய்து பாருங்களேன் என்று சொல்ல, ஒரு கல்லை எடுத்துக்கொண்டார். லித்தோகிராஃப் என்பது சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப்பசை கொண்ட பென்சிலால் வரைவது. கல்லை நனைத்து மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பாவும் கிடையாது, தறியின் அச்சும் கிடையாது. பென்சில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

போனதும் அப்படித்தான். அங்கே செய்த 'என்மெஷ்ட்' என்ற படத்தில் ஒரு தடித்த இழை தன்னையே சுற்றி, மேலே ஏறி, உள்ளே நுழைந்து, வெளியே வந்து முடிச்சு மேல் முடிச்சாகப் பின்னிக் கிடக்கிறது. அடுத்த வருடம், 1964-இல், இந்தத் தடவை தன் பெயரிலேயே வந்த அழைப்பில் திரும்பிப் போய் 'லைன் இன்வால்வ்மென்ட்ஸ்' என்ற தொகுப்பை முடித்தார். முழுக்க அலையும் இழைகள். நாற்பதுகளின் கடைசியில் காகிதத்தில் முடிச்சுகளை வரைந்து வைத்திருந்தார். தறி அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது கல் வாங்கிக்கொண்டது.

இதனால்தான் 1965 முக்கியமாகிறது. 'ஆறு பிரார்த்தனைகள்' கேட்டு ஆள் வந்தபோது, இழையை இஷ்டம்போல் அலையவிட்ட அனுபவம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அந்த அலைச்சலோடு தறிக்குத் திரும்பினார். 1958-இன் 'திறந்த கடிதம்' துண்டையும் இந்த ஆறு பட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தையதில் எழுத்து போன்ற குறிகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கும். பிந்தையதில் அவை எழுந்து நடக்கின்றன. நடுவில் நடந்தது கல். தறிதான் அச்சுப்படத்துக்கு விதை கொடுத்தது என்று எழுதுவார்கள். எனக்கு எதிர்த்திசையும் அதே அளவு உண்மையாகத் தெரிகிறது.

திரும்பி வந்த துணி

சின்ன விஷயம், ஆனால் விட மனமில்லை. 1926-இல் நெய்த கறுப்பு, வெள்ளை, மஞ்சள் சுவர்த்துணியின் மூலம் தொலைந்துவிட்டது. அதை 1965-இல் மறுபடி நெய்தவர் குன்டா ஷ்டோல்ஸ்ல், பௌஹவுஸ் நெசவுப் பட்டறைக்குத் தலைமை வகித்தவர். ஆசிரியை ஸ்தானத்தில் இருந்தவர் மாணவியின் துணியை நெய்து கொடுக்கிறார். ஓவியம் தொலைந்தால் தொலைந்ததுதான். எந்த இழை எங்கே போக வேண்டும் என்று எழுதிய கணக்குத்தாள் துணிக்கு இருந்தால் இன்னொருவர் நெய்யலாம். அன்னி அந்த வாரத்தில் என்ன நினைத்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லாத இடத்தில் கதை கட்ட மாட்டேன். ஆனால் ஒன்று: திரும்ப நெய்ய முடிந்தது அந்தக் கட்டத்துணியைத்தான். 'ஆறு பிரார்த்தனைகள்' தொலைந்தால் எந்தக் கணக்குத்தாளாலும் மீட்க முடியாது, அதில் கணக்குக்கு உட்படாததுதான் மேலே இருக்கிறது.

பின்விளைவு

1968-இல் 'எபிடாஃப்' (கல்லறை வாசகம்) என்ற ஓவிய நெசவு வந்தது. அதே வருடம் மெக்சிகோ நகரத்தில் ரிக்கார்டோ லெகொரெட்டா கட்டிய கமினோ ரியல் ஹோட்டலுக்கு ஒரு பெரிய சுவர்த்துணி செய்தார். சிவப்பு நிறங்களில் முக்கோணங்கள், நெய்யாமல் நாரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியை வெட்டி ஒட்டித் தைத்தது. கவனியுங்கள், அது தறியில் நெய்ததே இல்லை. சாய்வுக்கோடு வேண்டும், பெரிய அளவு வேண்டும், தறி கொடுக்காது. கத்தரிக்கோல் கொடுத்தது. அந்தத் துணி பிற்பாடு பல வருடம் கண்ணில் படாமல் போய், எங்கேயோ ஹோட்டலுக்குள்ளேயே கிடந்து, அண்மையில்தான் வெளியே வந்தது.

1970-இல் பக்கத்து ஊரான ஆரஞ்சுக்குக் குடிபெயர்ந்தபோது தறியைக் கைவிட்டார். அதன் பிறகு அச்சுப்படம்தான். உடல்வலு ஒரு காரணம். இன்னொன்றை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: நூலில் செய்தால் கைவினை என்கிறார்கள், காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்கள் என்று. கசப்பாகவே சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம்மூர் நெசவாளருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. அவர் நெய்தது சேலை, அதன் படத்தை வரைந்து கொடுத்தவர் டிசைனர்.

ஆனால் இந்த இரண்டு காரணம் மட்டும் என்றால், அச்சுக்குப் போனதும் பழைய நெசவை மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. 1954-இல் நெய்த 'சிவப்பு மியாண்டர்' என்ற, கோடு திரும்பித் திரும்பிப் போகும் துணியை 1969 முதல் ஸ்கிரீன் பிரிண்டாக, அதாவது திரை வழியாக மை தள்ளி எடுக்கும் அச்சாக, திரும்ப எடுத்தார். ஒரே வடிவத்தை அடுக்கி, கொஞ்சம் தள்ளி, இன்னொரு அடர்த்தியில் அச்சிட்டுப் பார்த்தார். 1984-இல் 'கனெக்ஷன்ஸ்' என்ற தொகுப்பு. 1925 தொடங்கி அவர் செய்த வடிவங்களிலிருந்து பொறுக்கியெடுத்து, ஒன்பது ஸ்கிரீன் பிரிண்ட்களாகத் தானே தொகுத்தது. வருடக் கடைசிக் கணக்கு என்று நாம் போடுவதை அவர் அறுபது வருடத்துக்குச் சேர்த்துப் போட்டார். பெயரைப் பாருங்கள், துண்டுகளைப் பட்டியல் போடவில்லை, தொடர்புகளைத் தொடுத்திருக்கிறார்.

என் மதிப்பீடு

கடைசி அச்சுப்படங்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுபதுகளின் முக்கோண வரிசைகளில் துல்லியம் இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. இழுத்துக் கட்டிய பாவு இல்லாத இடத்தில் கோட்டுக்கு முட்டிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. 'என்மெஷ்ட்' படத்தில் அது இருந்தது, ஏனென்றால் தறியிலிருந்து அப்போதுதான் வந்த கை. 'ஆறு பிரார்த்தனை'களில் உச்சத்தில் இருந்தது, ஏனென்றால் கல்லிலிருந்து அப்போதுதான் திரும்பிய கை. இரண்டுக்கும் நடுவில் போய்வந்த அந்த மூன்று நான்கு வருடங்கள்தான் அவருடைய பொற்காலம் என்பேன். 1949 கண்காட்சியைப் பொற்காலம் என்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு.

இதிலிருந்து தொழில் செய்பவர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. 1965 டிசம்பரில் அன்னியின் வருடக் கணக்கைத் துண்டுகளாக எழுதியிருந்தால், ஒரு புத்தகம் முடிந்தது, ஒரு ஆர்டர் கையில் இருக்கிறது, பெரிய துணி எதுவும் முடியவில்லை என்று வந்திருக்கும். மெலிந்த வருடம் மாதிரித் தெரியும். இயற்கைச் சாயம், மறுபயன்பாட்டுத் துணி, தையல் நாட்குறிப்பு என்று மூன்று நான்கு வேலைகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, எதுவும் முடியவில்லை என்று வருந்துகிற இன்றைய கலைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: எந்த வேலை எந்த வேலையிலிருந்து எதைக் கடன் வாங்கியது. அந்தப் பத்தியை நிரப்புவது கடினம், பெரும்பாலும் சில வருடங்கள் கழித்துத்தான் நிரப்ப முடியும். அன்னிக்கே 1984 ஆனது.

தறியில் உட்காரும் வலு எழுபதிலும் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? இந்த ஆய்வால் தீர்க்க முடியாத கேள்வி அது. இருந்திருந்தாலும் வெட்டி ஒட்டிய அந்த ஃபெல்ட் துணி 1968-இல் வந்துதான் இருக்கும் என்று மட்டும் பந்தயம் கட்டுவேன்.